ஆயிரமாவது வகுத்தல்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. பல் மருத்துவரிடம் என் முறைக்காகக் காத்திருந்தேன். கன்னம் வீங்கியிருந்ததால் பேச முடியவில்லை. பொழுது போகாமல் கைபேசியில் கணிப்பானைத் திறந்து, மனம்போன போக்கில் ஒன்பது இலக்கங்களைத் தட்டினேன். 518987503. அதாவது ஐம்பத்தொரு கோடியே எண்பத்தொன்பது லட்சத்து எண்பத்தேழாயிரத்து ஐந்நூற்று மூன்று. உள்ளே கூப்பிட்டார்கள், பல்லைப் பிடுங்கினார்கள், வெளியே அனுப்பினார்கள். பல் போனது, எண் போகவில்லை.

வீட்டுக்கு வருகிற வழியிலேயே கதையும் வந்துவிட்டது: இந்த எண் பகா எண்ணா இல்லையா என்று கண்டுபிடிக்க ஒருவன் எட்டு வருடமாகக் கையால் வகுத்துக்கொண்டே இருக்கிறான். கடைசி நாளில், ஆமாம், பகா எண்தான் என்று தெரிகிறது. எல்லாரும் கைதட்டுகிறார்கள். சுபம்.

(பள்ளியில் படித்துவிட்டு மறந்தவர்களுக்கு: தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்தான் பகா எண். 7 ஒரு பகா எண். 9 இல்லை, அது மூன்றுக்கு மசிந்துவிடும்.)

518987503 பகா எண்தான் என்று எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. பார்த்தால் அப்படி இருந்தது. ஒற்றைப்படை, ஐந்தில் முடியவில்லை, முகத்தில் ஓர் அழுத்தம். ஆளைப் பார்த்து எடை போடாதே என்று எத்தனை பேரிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன்! புத்தி வந்தால்தானே.

2

முதல் தொடக்கம்: "மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் மூன்றாவது எந்திரம் சுழலத் தொடங்கியதும் அவன் நோட்டுப்புத்தகத்தை..."

[விட்டுவிட்டேன். எந்திரத்தில் ஆரம்பித்தால் அது எப்போது வெடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அது வெடிக்காது. நல்ல எந்திரம்.]

இரண்டாவது தொடக்கம்: "எண்கள் மனிதனுக்கு முன்பே..."

[இதை எழுதிய கையை உடைக்க வேண்டும்.]

மூன்றாவது:

எட்டு வருடமாக ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும் மனிதரோடு குடித்தனம் நடத்துவதில் பெரிய சங்கடம் எதுவும் இல்லை என்றுதான் அவள் எல்லாரிடமும் சொல்வாள். குடி இல்லை, சீட்டு இல்லை, வம்பு இல்லை. ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு ரப்பர். "சில பேரு வீட்ல மீன் வளக்கறாங்க. எங்க வீட்ல ஒரு நம்பர் வளருது" என்பாள்.

அவள் கண்ணாடிக்கடையில் லென்ஸ் வெட்டிச் சட்டத்தில் பொருத்துகிறவள். அவள் கணவன் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கைவிரிப்பு துவைக்கும் எந்திரங்களை ஓட்டுகிறவன். மதிய உணவு முடிந்து எந்திரத்தில் போடுகிற துணிச்சுமை நாற்பத்திரண்டு நிமிடம் சுழலும். அந்த நாற்பத்திரண்டு நிமிடத்தில் நாளுக்கு ஒரு வகுத்தல். வேலை நாள் ஒன்றுகூடத் தப்பாது. கூட வேலை செய்கிறவர்கள் ஈரத் துணியை இழுத்துக்கொண்டே, "இன்னைக்கு மீதி என்னப்பா?" என்று கேட்டுக் கேட்டு, அவனுக்கு மீதி என்றே பேர் வைத்துவிட்டார்கள். மேற்பார்வையாளர்கூட, "மீதியக் கூப்பிடு" என்பார்.

ஆரம்பித்து வைத்தது அவள் தம்பி. மீதி பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றுப் படிப்பை விட்டவன். பழைய பேப்பர் கடையிலிருந்து ஒரு கணக்கு அட்டவணைப் புத்தகத்தை எடுத்துவந்து படித்தான். ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க எல்லாவற்றாலும் வகுக்க வேண்டியதில்லை, அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்தால் போதும் என்று அதில் இருந்தது. புத்தகத்தின் பின்பக்கத்தில் அந்தப் பகா எண்களும் வரிசையாக அச்சாகியிருந்தன. மைத்துனனிடம், "ஏதாச்சும் ஒரு பெரிய நம்பர் சொல்லு மச்சான்" என்றான். அவன் கிண்டலாக ஒன்பது இலக்கத்தை உளறினான். (அவன் வாயில் அந்த எண்ணைப் போட்டது என் பல்வலி.)

வர்க்கமூலம் இருபத்திரண்டாயிரத்து எழுநூற்று எண்பத்தொன்றுக்குச் சற்று மேலே. அதற்குள் பகா எண்கள் இரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம். மீதி ஒழுங்காக முதலிலிருந்து தொடங்கினான். முதல் நாள் 2, மீதி 1. ஒற்றைப்படை எண்ணை இரண்டால் வகுக்க ஒரு முழு மதியமா என்று சிரித்தார்கள். "வரிசைன்னா வரிசைதான்" என்றான். மறுநாள் 3, மீதி 1. அப்புறம் 5, மீதி 3. நான்காம் நாள் 7, மீதி 6.

"எதுக்குங்க இது?" என்று முதல் வருடம் அவள் கேட்டாள்.

"இந்த நம்பரப் பத்தி உலகத்துல ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது. எனக்காவது தெரியட்டுமே."

"போன்ல போட்டா ஒரு நிமிஷத்துல சொல்லிடாது?"

"போட்டா போனுக்குத் தெரியும். எனக்கு எங்க தெரியும்?"

அவளுக்கு இந்தப் பதில் பிடித்துவிட்டது. அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

3

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்குப் பாடம். தாண்டிப் போகாதீர்கள், கதையின் வயிறு இங்கேதான் இருக்கிறது.

கையால் போடுகிற கணக்கில் தப்பு வரும். அதைப் பிடிக்க மீதிக்கு ஒரு வழி தெரியும். எந்த எண்ணானாலும் அதன் இலக்கங்களைக் கூட்டு, ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டிக்கொண்டே போ. 518987503-ஐக் கூட்டினால் 46. நாலும் ஆறும் பத்து. பத்தைக் கூட்டினால் ஒன்று. இப்படியே வகுத்தி, ஈவு, மீதி மூன்றையும் சுருக்கு. வகுத்தியை ஈவால் பெருக்கி மீதியைக் கூட்டினால், அதுவும் சுருங்கி ஒன்றில் வந்து நிற்க வேண்டும். நின்றால் ஒரு டிக். இதை 'ஒம்பது பாக்கறது' என்பான். ஒன்பது பார்க்காமல் அவன் ஒரு நாளும் நோட்டை மூடியதில்லை.

நல்ல சோதனைதான். குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆனாலும் அதற்கு ஒரு கண் குருடு, அது எனக்கும் அப்போது தெரியாது.

4

கதையின் நான்காவது கைப்படியை முடித்துத் தோழி ஒருத்திக்குப் படிக்கக் கொடுத்தேன். மறுநாள் காலையில் கூப்பிட்டாள்.

"கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க நம்பர் பகா எண் இல்ல."

"அதெப்படி?"

"போட்டுப் பாத்தேன். 7919-ஐ 65537-ஆல பெருக்கினா உங்க நம்பர் வருது. நீங்க போட்டே பாக்கலையா?"

"கதைதானேன்னு..."

"கதைன்னா?"

ஓர் உறையின் முதுகில் பெருக்கிப் பார்த்தேன். வந்துவிட்டது, கடைசி மூன்று வரைக்கும் பிசகாமல். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது என் கதை.

வழி இல்லாமலில்லை. கடைசி இலக்கத்தை மாற்றிவிடலாம். 1, 7, 9 என்று மூன்று இருக்கின்றன, அதில் ஒன்று பகா எண்ணாக இருந்தாலும் இருக்கும். ஆனால் ஓர் இலக்கத்தை மாற்றினால் அந்த ஆள் போட்ட இரண்டாயிரத்து ஐந்நூறு மீதிகளும் பொய்யாகிவிடும். நான்காம் நாள் ஏழால் வகுத்து மீதி 6 என்று நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினானே, அது என்ன ஆவது? அவனுக்கு மீசை வைக்கலாம், மழிக்கலாம், வேறு ஊருக்கு அனுப்பலாம், கொல்லக்கூடச் செய்யலாம். கேட்க ஆளில்லை. ஆனால் ஓர் எண்ணை வகுபடாதே என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. இத்தனை வருடமாகப் பொய் எழுதிப் பிழைப்பவனுக்கு இது புதிய அனுபவம். கொஞ்சம் அவமானமாகவும், சொன்னால் நம்பமாட்டீர்கள், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

அப்புறம் ஓர் அரிப்பு பிடித்துக்கொண்டது. பகா எண்களின் வரிசையில் 7919 எத்தனையாவது என்று பார்த்தேன். ஆயிரமாவது. மிகச்சரியாக ஆயிரமாவது! நம் மீதி 2-ஆல் வகுக்கவே ஒரு நாள் ஒதுக்கியவன், ஆகவே ஆயிரமாவது வேலை நாளில் அவன் 7919-ஆல் வகுத்திருக்கிறான். மீதியே வராமல் வகுபட்டிருக்க வேண்டும். அப்படியானால் எப்படித் தாண்டிப் போனான்? ஒன்பது வேறு பார்த்தானே?

நானே உட்கார்ந்து வகுத்தேன். 51898-இல் 7919 ஆறு தரம் போகும், 4384 நிற்கும். ஏழை இறக்கினால் 43847, ஐந்து தரம், 4252 நிற்கும். ஐந்தை இறக்கினால் 42525. மறுபடி ஐந்து தரம், 39595-ஐக் கழித்தால் 2930.

இதை அவன் 2390 என்று எழுதியிருந்தால்?

நடுவில் இரண்டு இலக்கம் இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். பூச்சியத்தை இறக்கி 23900. மூன்று தரம், 143 நிற்கும். கடைசி மூன்றை இறக்கினால் 1433, அதில் 7919 போகாது. ஈவு 65530, மீதி 1433. ஒன்பது பார்த்தேன். வகுத்தி எட்டாகச் சுருங்குகிறது, ஈவு ஒன்றாக. பெருக்கினால் எட்டு. மீதி 1433 இரண்டாகச் சுருங்குகிறது. எட்டும் இரண்டும் பத்து, பத்து சுருங்கினால் ஒன்று. டிக்!

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தே விட்டேன். இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது அல்லவா? அந்தச் சோதனையால் இந்த மாதிரித் தப்பை எந்தக் காலத்திலும் பிடிக்க முடியாது. அக்கறையில்லாதவன் சோதித்திருக்கவே மாட்டான், சந்தேகம் வந்து மறுபடி போட்டிருப்பான். ஒழுங்காகச் சோதிக்கிற ஆள் மட்டும்தான் இந்தக் குழியில் விழுந்து, மேலே டிக்கும் போட்டு, ஐந்து வருடம் நிம்மதியாக நடந்து போவான்.

5

இனி கதையைத் திருத்தி எழுதியாக வேண்டும். அவள் பக்கமிருந்து தொடர்கிறேன்.

நாலே நாலு வகுத்தல் பாக்கி. வியாழக்கிழமை மதியம் கடைசி எண் 22777. சலவைக்கூடத்தில் மூன்றாவது எந்திரத்துக்கு மேலே சுவரில் ஒரு சதுரத்துக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறார்கள். கணக்கு முடிந்ததும் மீதியே தன் கையால் 518987503 என்று நீலப் பெயின்டில் எழுதி, கீழே 'பகா எண்' என்றும் எழுத வேண்டும். மேற்பார்வையாளர் மருத்துவமனைப் பெரிய டாக்டரையும் கூப்பிட்டிருக்கிறார். பத்தாம் வகுப்பில் தோற்றவனுக்குத் தூரிகை வாங்கக் கடைக்குப் போனபோது கால் தரையில் பாவவில்லை.

பதினோரு நாளுக்கு முன்பு அவள் தம்பி கண்ணாடிக்கடைக்கு வந்திருந்தான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அக்கா, வெளயாட்டா போன்ல போட்டுப் பாத்தேன்."

"எதடா?"

ஒரு துண்டுத்தாளை நீட்டினான். அதில் இரண்டு எண்கள், நடுவில் பெருக்கல் குறி. லென்ஸைக் கீழே வைத்துவிட்டு அவள் அதைப் பார்த்தாள். கணக்கு தெரியாவிட்டாலும் தாளுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தது.

"மாமாகிட்ட நான் சொல்லிடட்டுமா?"

"சொன்னே, காலை ஒடிச்சிடுவேன்."

அன்றைக்குக் கணவன் குளிக்கப் போன நேரத்தில் பழைய நோட்டுகளை எடுத்து 7919 போட்ட பக்கத்தைத் தேடினாள். மேலே 'நாள் 1000' என்று எழுதியிருந்தான். தப்பைக் கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு நிமிடம்தான் ஆயிற்று. கடையில் அவள் நாள் முழுக்கச் செய்வதே அதுதான்: சீட்டில் உள்ளதும் லென்ஸில் உள்ளதும் ஒன்றா, வலது இடது மாறியிருக்கிறதா என்று பார்ப்பது. கழித்தலை மட்டும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். 2390. பக்கத்தில் அழகாக ஒரு டிக்.

அந்த டிக்கைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

6

முடிவுகள் (கைவிட்டவை).

அ. அவள் சொல்லவே இல்லை. வியாழக்கிழமை அவன் சுவரில் எழுதுகிறான், எல்லாரும் கைதட்டுகிறார்கள். — இதை எழுதிப் பார்த்தேன். பெரிய டாக்டர் கைகுலுக்குகிற இடத்தில் அவளால் அங்கே நிற்க முடியவில்லை, நடுவில் எழுந்து போய்விட்டாள். நான் பிடித்து நிறுத்தவில்லை. தெரியணும் என்று எட்டு வருடம் உட்கார்ந்தவனுக்குத் தெரியாமல் போவதுதான் பரிசா?

ஆ. தம்பி உளறிவிடுகிறான். — சோம்பேறி முடிவு. உளறுவாய்களை வைத்து நான் ஏற்கெனவே நிறையக் கதை முடித்திருக்கிறேன்.

இ. பெரிய டாக்டர் கைபேசியில் போட்டுப் பார்த்து எல்லார் முன்னாலும் அவனை... [இல்லை. இல்லவே இல்லை.]

7

ஞாயிற்றுக்கிழமை முற்பகல். அவள் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளையும் பென்சிலையும் கொண்டுவந்து வைத்தாள்.

"ஏங்க, எனக்கு ஒரு தடவ போட்டுக் காட்டுங்களேன்."

"என்னத்த?"

"நீங்க தெனம் போடுறத. எட்டு வருஷமா பக்கத்துல இருக்கேன், ஒரு தடவகூட பாத்ததில்ல."

மீதிக்கு வாயெல்லாம் பல். சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான், ஏதோ புகைப்படம் எடுக்கப்போகிற மாதிரி. "எந்த நம்பரால?"

"உங்க ஆயிரமாவது நாள் எது?"

அட்டவணையைப் புரட்டினான். "7919. அது போட்டாச்சேம்மா."

"எனக்குப் போடலையே."

சிரித்துக்கொண்டே தொடங்கினான். சத்தமாகச் சொல்லிச் சொல்லிப் போட்டான். ஆறு. ஏழை இறக்கு. ஐந்து. ஐந்தை இறக்கு. மறுபடி ஐந்து. கழித்தான். "ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது." பூச்சியத்தை இறக்கிவிட்டு நிமிர்ந்தவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தாளைப் பார்க்கவில்லை. மடியில் வைத்திருந்த பழைய நோட்டின் மேல் அவள் கை இருந்தது.

"அது எதுக்கு?"

அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

2930. 2390.

இரண்டின்மேலும் விரலை வைத்துப் பார்த்தான். பிறகு உதடு தானாக அசைந்தது. "ரெண்டும் ஒம்பதும் பதினொண்ணு, மூணு, பதினாலு. அஞ்சு. ரெண்டும் மூணும் அஞ்சு, ஒம்பது, பதினாலு. அதுவும் அஞ்சு." மறுபடி கூட்டினான். "ஒம்பது பாத்தேனே. டிக் போட்டிருக்கேனே."

"போட்டிருக்கீங்க."

"உனக்கு எப்ப தெரியும்?"

"பதினோரு நாளாச்சு. தம்பி போன்ல போட்டான்."

"பதினோரு நாளா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு சும்மா இருந்தியா? நான் பெயின்ட் டப்பாவ தூக்கிக்கிட்டு கூத்தாடுனத பாத்துக்கிட்டு?"

"மனசு வரலங்க. நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்து நான் பாத்ததே இல்ல."

அவன் எழுந்து சன்னல் வரைக்கும் போனான். "அஞ்சு வருஷம்! அந்த டிக்குக்கு அப்பறம் போட்டது அத்தனையும் தண்டம். நல்லா ஏமாந்திருக்கேன், அதுவும் என் கையாலயே." அவள் எழுந்துபோய் முதுகில் கை வைத்தாள். அவன் தட்டிவிடவில்லை.

"தம்பி விடை எழுதிக் குடுத்தான். அந்தப் பக்கம் என்ன வருதுன்னு. சொல்லட்டுமா?"

"வாய மூடு!"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் அவளிடம் அப்படிக் கத்தியதில்லை. இருவருமே திகைத்துவிட்டார்கள். அவன்தான் முதலில் தணிந்தான்.

"சொல்லாதம்மா. இன்னும் வகுத்து முடியல."

மேசைக்குத் திரும்பி வந்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு தாளைப் பார்த்தான். இந்த இடத்தில் அவனைப் பென்சிலை முறிக்கவைக்கலாம் என்று நினைத்திருந்தேன். அவன் குனிந்து, இதுவரை வந்த ஈவின்மேல் விரலை ஓட்டினான்: 655.

"மீதியில்லாம போச்சுன்னா," என்றான் மெதுவாக, "இங்க ஒரு புது நம்பர் வரும்ல? அஞ்சு இலக்கம். அது யாரு? அத எதால வகுக்கலாம்? அதுக்கு வர்க்கமூலம் எறநூத்து அம்பத்தி சொச்சந்தான் வரும். பழைய டிக்க இனி நம்ப முடியாது, மறுபடி மொதல்லேர்ந்து போட்டாலும் அம்பது, அம்பத்தஞ்சு நாளு போதும்." சொல்லச் சொல்லக் கண் அகன்றுகொண்டே போனது. ஈரம் இன்னும் காயவில்லை.

"அப்ப வியாழக்கெழம செவுத்துல?"

"அது கெடக்கட்டும். இங்க வா, உக்காரு." பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டான். "இருபத்தொம்பதாயிரத்து முந்நூறு. இதுல ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொம்போது எத்தன தரம் போகும்? நீ சொல்லு."

"எனக்கா? எனக்குக் கணக்கு வராதுங்க."

"எனக்கு மட்டும் வந்துச்சா?"

அவளுக்கு விடை தெரியும். தம்பி கொடுத்த துண்டுத்தாள் முந்தானை முடிச்சில் இருக்கிறது. அதைத் தொடாமல், கட்டைவிரலை மடக்கி ஒரு ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பது என்றாள். அடுத்த விரலுக்கு அதன்மேல் இன்னொன்றைக் கூட்டத் தொடங்கினாள். பாதியில் தப்பிவிட்டது. முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவன் அவசரப்படுத்தவில்லை.

எனக்கு இதற்குமேல் எழுதத் தோன்றவில்லை. வியாழக்கிழமை எல்லாரும் வந்து நிற்பார்கள், சுவரில் அவன் எதையாவது எழுதித்தான் ஆக வேண்டும். என்ன எழுதுவான் என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. உங்களிடம் பென்சில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு இலக்கம் இருக்கிறது, அவள் இரண்டாவது விரலில் இருக்கிறாள். விடையைச் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள்.